மஞ்சள் கோடு திரும்பும் இடம்

நாற்பத்தெட்டு. சனியன், மறுபடியும் நாற்பத்தெட்டு. சண்முகவடிவு லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள், கசக்கிக்கொண்டாள், கொஞ்ச நேரம் சும்மா இருட்டைப் பார்த்தாள். கோளாறு கண்ணில்தான், ஓய்வு கொடுத்தால் தானாக முப்பத்தெட்டு ஆகிவிடும் என்று இருட்டிடம் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். இருட்டறை என்பது பெயருக்குத்தான். மரப்பெட்டிக்குள் எரிகிற சோடியம் விளக்கின் மஞ்சள் இண்டு இடுக்கெல்லாம் கசிந்து, கறுப்புத் திரையிலும் சுவரிலும் படிந்து கிடந்தது. அந்த மஞ்சளில் வேறு நிறம் என்ற ஒன்றே கிடையாது. அம்மா பார்த்துப் பார்த்து எடுத்த ரோஜா நிறச் சுடிதார் சேற்று நிறமாகத் தெரிந்தது. எதிர்மேசையில் வேறொரு சோதனை செய்துகொண்டிருந்த ஜெபமலரின் முகம் செத்துப்போனவள் முகம்போல் இருந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும், இருக்கட்டும், பாதி செத்துத்தானே இங்கே நிற்கிறோம். விஷயம் என்னவோ சின்னதுதான். தட்டின்மேல் ஒரு கண்ணாடி முப்பட்டகம், இந்தப் பக்கம் விளக்கு, அந்தப் பக்கம் தொலைநோக்கி. விளக்கின் ஒளி கண்ணாடிக்குள் புகுந்து வளைந்து வெளியே வரும், தொலைநோக்கியில் ஒற்றை மஞ்சள் கோடாகத் தெரியும். தட்டை மெல்லத் திருப்பினால் கோடு ஒரு பக்கமாக நகரும். நகர்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் தயங்கி நிற்கும். அதற்குமேல் எவ்வளவு திருப்பினாலும் வந்த வழியே திரும்பிப் போகும், வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போகிற விருந்தாளி மாதிரி. அது தயங்குகிற இடம் எத்தனை டிகிரி என்று வட்ட அளவுகோலிலும் அதை ஒட்டிய வெர்னியரிலும் லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டும், அதை வைத்துக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அந்த இடம் முப்பத்தெட்டு டிகிரி ஐம்பத்தாறு மினிட், டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் மினிட். விடை ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. ஒன்றிரண்டு மினிட் கூடும், குறையும், அதைத் தாண்டி அங்கே எவனும் எவளும் எழுதியது கிடையாது. இவளுக்கு மட்டும் நாற்பத்தெட்டு.

எழுதியது கிடையாது என்றால், பார்த்தார்களா என்று கேட்கக் கூடாது. அது வேறு கேள்வி, அந்தத் துறையில் யாரும் கேட்காத கேள்வி. மனையியல் துறை மாடியில் இருப்பதாகப் பலகை சொல்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் உண்மையான சமையல் நடப்பது கீழே, இயற்பியல் ஆய்வகத்தில். சமையல் என்றுதான் பெயரே, "என்னட்டி, சமைச்சு முடிச்சிட்டியா?" என்றுதான் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வார்கள். முதல் வருஷம் சேர்ந்த புதிதில் வடிவுக்கு அது புரியவே இல்லை. சீனியர் அக்கா ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்: விடையை முதலில் எழுதிக்கோ, அங்கேயிருந்து பின்பக்கமா நட, சூத்திரத்தைத் திருப்பிப் போடு, கோணம் வந்துடும், அதுல ஒண்ணு ரெண்டு மினிட்டைக் கூட்டிக் குறைச்சுத் தூவு. ரொம்பச் சரியா இருந்தா சந்தேகம் வரும்ட்டி, உப்பு மாதிரி தூவணும். தூவணுமாம். வடிவு தூவவில்லை, அவளுக்கு அது அருவருப்பாக இருந்தது. நேரம் போனாலும் குனிந்து குனிந்து பார்த்து, பார்த்ததையே எழுதினாள். மற்றவர்கள் பதினோரு மணிக்குக் கேன்டீனில் பப்ஸ் தின்றுகொண்டிருக்க, இவள் மதியச் சாப்பாட்டு மணிவரை ஆய்வகத்தில் நின்றாள். அப்படி நின்றதற்குப் போன வருஷம் கிடைத்தது கூலி. ஊசல் சோதனை, புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க வேண்டும், ஊர் உலகத்துக்கே தெரிந்த ஒன்பது புள்ளி எட்டு. கொடுத்த ஸ்டாப்வாட்ச் நடுநடுவே தாவித் தாவி வேகமாக ஓடியது. அவளுக்கு வந்தது ஒன்பது புள்ளி ஒன்று. அதையே எழுதினாள். வாட்ச் சரியில்லை என்று கீழே ஒரு வரியும் எழுதினாள், என்ன திமிர் பார். துறைத்தலைவர் திரவியம் சார் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏம்மா, பூமி எங்களையெல்லாம் ஒம்பது புள்ளி எட்டுல இழுக்குது. உன்னை மட்டும் ஒம்பது புள்ளி ஒண்ணுல இழுக்குதோ? உன்மேல அதுக்கு அவ்வளவு பிரியமில்லையா?" எல்லோரும் சிரித்தார்கள். ஜெபமலர் இல்லை, அவள் அன்றைக்கு மஞ்சள்காமாலையில் படுத்திருந்தாள், பரீட்சைக்கே வரவில்லை. அவளுடைய அரியர் கௌரவமான அரியர், காமாலை அரியர். வடிவினுடையது பூமிக்கே பிடிக்காதவளின் அரியர். அதனால்தான் இன்றைக்கு, மூன்றாம் வருஷம் முடியப்போகிற நேரத்தில், இரண்டு பேரும் இந்த மஞ்சள் குழிக்குள் நிற்கிறார்கள்.

நாற்பத்தெட்டு. தட்டை மறுபடி திருப்பினாள், கோடு கிளம்பியது, வந்தது, வந்தது, தயங்கியது, திரும்பியது. திரும்பும் இடத்தை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள், அவளுக்கு அந்த இடம் பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். எல்லாமே இப்படி ஓரிடம்வரை போய்த் தயங்குகிறது. அப்பா தயங்குவார், பைபாஸ் பெட்ரோல் பங்கில் நாசிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொல்வார்: "ஜீரோ பாத்துக்கிடுங்க சார்." நாள் பூராவும் அதையேதான் சொல்கிறார், தூக்கத்திலும் சொல்லியிருக்கிறார், அம்மா சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டிருக்கிறாள். வடிவுக்குச் சின்ன வயதில் அது ஏதோ மந்திரம் என்று நினைப்பு. எல்லாவற்றையும் ஜீரோவில் தொடங்க வேண்டும், எதிராளி கண் முன்னால் தொடங்க வேண்டும். இன்றைக்கும் முப்பட்டகத்தை வைப்பதற்கு முன்னால் நேராக வரும் கோட்டைச் சரியாகப் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பித்தாள். ஆக அங்கே பிழை இல்லை, பூஜ்ஜியத்தில் பிழை இல்லை, அப்பா அங்கே பிழை விடமாட்டார். பின்னே எங்கே? அப்பா நேற்றுப் பங்கில் யாரோ கார்க்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம், மகள் மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கப் போறா, பெரிய இடம், பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிட்டா. பாதிதான் நிஜம். நுழைவுத் தேர்வு பாஸ்தான், இடமும் ஒதுக்கிவிட்டார்கள், ஆனால் ஒரே ஒரு அரியர் பாக்கி இருந்தாலும் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த ஒரே ஒரு அரியர் இதோ இந்த மேசையில், இதோ இந்தக் கண்ணாடித் துண்டில் இருக்கிறது. பங்க் முதலாளி நல்ல மனுஷன்தான், மகளைப் பில் போடுற கம்ப்யூட்டர்ல உட்கார வைக்கிறேன் என்று தானாகவே சொன்னார். அப்பா என்றைக்கும் இல்லாத தைரியத்தில், வேண்டாம் முதலாளி, அவ படிக்கப் போறா என்று சொல்லிவிட்டு வந்தார். சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு அவர் சட்டையில் பெட்ரோல் வாசனைகூடக் கொஞ்சம் கர்வமாக அடித்தது. இப்போது அவர் மறுபடி போய் முதலாளி முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும், நாற்பத்தெட்டு என்று எழுதினால்.

ஏன் நாற்பத்தெட்டு என்று எழுதப் போகிறாய், யார் உன்னை எழுதச் சொன்னது, என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல். அந்தக் குரலுக்கு அந்த சீனியர் அக்காவின் சிரிப்பு இருந்தது. ஒருவேளை படிப்பதில்தான் தப்போ, நாற்பது என்று பொறித்த இடம் உண்மையில் முப்பதாக இருக்குமோ, இந்த மங்கல் வெளிச்சத்தில் எந்த எழுத்து எதுவென்று யார் கண்டது. லென்ஸை அழுத்திப் பிடித்தாள். நாலுதான், நாற்பதுதான், அதைத் தாண்டி எட்டு. முப்பது எங்கே என்று தேடினாள், முப்பது தள்ளி ஒழுங்காகத் தன் இடத்தில் இருந்தது. தொலைநோக்கியை அப்படியே முப்பத்தெட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய் எட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டில் ஒன்றுமில்லை. கோடு இல்லை, மஞ்சள் இல்லை, கன்னங்கரேல் என்று ஒரு வட்ட இருட்டு. காலையில் இட்லியைத் தொட்டுவிட்டு எழுந்து வந்தது தப்பு. முப்பட்டகத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள். கண்ணாடி என்றைக்கும் இல்லாத கனமாக இருந்தது, பசியில் கைக்குப் பலமில்லை, வேறென்ன. விளிம்பைத் தடவினாள். வழக்கமாக அந்த முப்பட்டகத்தின் ஒரு மூலை பல் போன மாதிரி உடைந்திருக்கும், எந்தக் காலத்திலோ எவளோ கீழே போட்டது, விரல் தானாக அங்கே போய் நிற்கும். இன்றைக்கு விரல் எங்கேயும் நிற்கவில்லை. மூன்று மூலையும் வழவழவென்று இருந்தன. அவள் மனம் அதைக் கேட்டுக்கொண்டது, கேட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டது, ஏனென்றால் திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. எக்ஸ்டர்னலோ? வேறு கல்லூரியிலிருந்து பரீட்சை வைக்க வந்திருக்கிற மேடம், காலையில் ஒரு தடவை வடிவு பார்த்தாள். கைத்தறிச் சேலை, தோளில் பெரிய பை, யாரிடமும் சிரிக்கவில்லை, திரவியம் சார் டிபன் சொல்லி அனுப்ப ஓடிக்கொண்டிருந்தபோது தனியாக இருட்டறைக்குள் போய்விட்டு வந்தாள். சிரிக்காத எக்ஸ்டர்னல் என்றால் பிள்ளைகளுக்கு உயிர் போய்விடும். ஆனால் திரையை விலக்கிக்கொண்டு வந்தது திரவியம் சார்தான், கையில் காபி டம்ளரோடு.

கேட்டுவிடலாமா என்று நினைத்து முடிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது. "சார், எனக்கு நாப்பத்தெட்டு வருது சார்." சொன்ன பிறகுதான் பயம் வந்தது. திரவியம் சார் டம்ளரை ஜெபமலரின் மேசை ஓரத்தில் வைத்தார். வந்து தொலைநோக்கியில் பார்ப்பார் என்று நினைத்தாள். பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார், அலுத்துப்போய்ப் பார்த்தார், மாசக் கடைசியில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொன்னால் பார்க்கிற மாதிரி. "ஏம்மா, மறுபடியும் உன் வேலையை ஆரம்பிச்சிட்டியா? நான் படிக்கிற காலத்துலயே இந்த லேப்ல அது முப்பத்தெட்டுதான். வெர்னியரை ஒழுங்காப் படி. உனக்கு மெட்ராஸ் போகணுமா வேண்டாமா?" குரலில் கோபம்கூட இல்லை, ஒரு விதத்தில் அக்கறைதான், அதுதான் கொடுமை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெபமலர் குனிந்தபடியே கிசுகிசுத்தாள்: "ஏட்டி, நீ என்ன லூஸா? முப்பத்தெட்டு அம்பத்தாறு. அந்தாக்குல போட்டுட்டுப் போவியா, அவர்கிட்டப் போய்க் கேட்டுக்கிட்டு." "அங்க கோடே இல்லட்டி. முப்பத்தெட்டுல வெறும் இருட்டா இருக்கு." "இருட்டா இருந்தா உனக்கென்ன? கோட்டையா திருத்தப் போறாங்க, பேப்பரைத்தானே திருத்தப் போறாங்க." சொல்லிவிட்டு அவள் தன் கணக்கில் குனிந்துகொண்டாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. மூன்று வருஷத்தில் அந்தக் கல்லூரி சொல்லிக்கொடுத்ததை ஒரே வரியில் ஒழுங்காகச் சொல்லிவிட்டாள், அவளுக்கு முதல் வகுப்பே கொடுக்கலாம்.

இதற்காகவா வந்தோம் என்று நினைத்தாள் வடிவு. பிளஸ் டூவில் கண்ணாடிப் பாளத்துக்குப் பின்னால் குண்டூசிகளைக் குத்தி, இந்தப் பக்கமிருந்து பார்த்து, வளைந்த ஒளியை நேராக்கிக் கோடு போட்ட அன்றைக்கு அவளுக்கு உடம்பெல்லாம் என்னவோ செய்தது. சந்தோஷம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. யாரையும் கேட்க வேண்டாம், அதுதான் அந்தச் சந்தோஷம். எந்த வீட்டுப் பிள்ளை, அப்பா என்ன வேலை, இங்கிலீஷ் வருமா, ஒன்றும் கேட்காது. ஊசிக்குப் பின்னால் ஊசி நின்றால் நின்றதுதான், பெட்ரோல் பங்க்காரர் மகள் பார்த்தாலும் கலெக்டர் மகள் பார்த்தாலும் ஒரே கோடு. அதை நம்பித்தான், கணக்குப் பிரிவில் இடம் கிடைத்தும் வேண்டாமென்று இயற்பியல் எடுத்தாள். வகுப்பில் பாதிப் பேர் வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள், இவள் ஒருத்திதான் ஆசைப்பட்டு வந்தவள், அதனால்தானோ என்னவோ இவளுக்கு மட்டும் வலிக்கிறது. ஆசைப்பட்டு வந்தவளை என்ன செய்தார்கள்? அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. உன் கண்ணை நம்பாதே என்று மட்டும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இப்போது அவள் நம்பவில்லை. அதுதான் உண்மை, அதை ஒத்துக்கொண்டபோது நெஞ்சுக்குள் ஏதோ லேசானது மாதிரிகூட இருந்தது. வாட்ச் தாவித் தாவி ஓடியது என்று போன தடவை நினைத்தேனே, ஓடியதா, அல்லது நான் எண்ணியதுதான் தப்பா? அன்றைக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள், நான் ஒருத்திதான் சரி என்றால் அது என்ன நியாயம்? இத்தனை வருஷமாக இத்தனை பேர் எழுதிய முப்பத்தெட்டு பொய்யாக இருக்குமா, ஒருத்தி ஒரு காலையில் பசியோடு பார்த்த நாற்பத்தெட்டு மெய்யாக இருக்குமா? பார்க்கத் தெரியவில்லை உனக்கு, சண்முகவடிவு. உனக்குப் பார்க்கவே தெரியவில்லை. பேனாவை எடுத்தாள்.

கை எவ்வளவு சுலபமாக எழுதியது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் செய்யாத கை, யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு ஒளித்து வைத்திருந்த மாதிரி, நேராக விடையில் போய் உட்கார்ந்தது. ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. அங்கேயிருந்து பின்பக்கமாக நடந்தது, சூத்திரத்தைத் திருப்பியது, முப்பத்தெட்டு டிகிரி ஐம்பத்தாறு மினிட். முதல் அளவில் ஐம்பத்துநாலு, இரண்டாவதில் ஐம்பத்தேழு, மூன்றாவதில் ஐம்பத்தேழு, சராசரி எடுத்தால் சொன்னபடி வந்து நிற்கும். உப்பு சரியாக இருந்தது. அவளுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, அடுத்த கணம் குமட்டியது. பிறகு ஒன்று நினைவு வந்தது. தொலைநோக்கி இன்னும் முப்பத்தெட்டில் இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, எக்ஸ்டர்னல் வந்து எட்டிப் பார்த்தால் கோடு தெரிய வேண்டுமே. எல்லா எக்ஸ்டர்னலும் அதைத்தான் செய்வார்கள், கோடு தெரிகிறதா என்று கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, குட், என்று போய்விடுவார்கள். அளவுகோலைக் குனிந்து படித்த எக்ஸ்டர்னலை அவள் பார்த்ததில்லை. ஆகவே தொலைநோக்கியைத் திரும்பவும் கோட்டின் மேல் கொண்டுவந்தாள், அதுவும் எப்படி, தன்னையறியாமல் அத்தனை பொறுப்பாக, தட்டை மயிரிழை திருப்பி, கோடு தயங்குகிற இடத்திலேயே நிறுத்தி, திருகாணியை இறுக்கினாள். மெட்ராஸில் விடுதி அறைக்கு ஜன்னல் இருக்குமா, மூன்று பேர் ஓர் அறையா, அப்பா வந்து விட்டுவிட்டுப் போவாரா, பங்கில் லீவு தருவார்களா. மெட்ராஸ் போனால் எல்லாம் மாறிவிடும், அங்கே நல்ல கருவிகள் இருக்கும், அங்கே மறுபடி பார்க்கக் கற்றுக்கொள்ளலாம், இந்த ஒரு தடவைதானே. இந்த ஒரு தடவைதான் என்று மனதுக்குள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா நாசிலைப் பிடித்துக்கொண்டு வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விலகியபோது மேடம் முதலில் வந்தாள், பின்னால் திரவியம் சார். ஜெபமலரின் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடம் நேராக இங்கே வந்தாள், இதற்காகவே வந்தவள் மாதிரி. தாளை எடுத்து விளக்கின் கசிவில் பிடித்துப் படித்தாள்.

"முப்பத்தெட்டு அம்பத்தாறு. ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டு. ரொம்ப அழகா வந்திருக்கும்மா."

வடிவுக்கு உயிர் வந்தது. மேடம் தாளை வைத்துவிட்டுக் குனிந்து தொலைநோக்கியில் கண் வைத்தாள். தட்டை லேசாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினாள், கோடு அவளுக்கும் வந்து தயங்கித் திரும்பியிருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டாள். போய்விடுவாள், குட் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். மேடம் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். லென்ஸை வாங்கிக்கொண்டாள். அளவுகோலின் மேல் குனிந்தாள். அந்த முதுகு நிமிர்வதற்கு ஆன நேரத்தில் வடிவுக்கு மூலை உடையாத கண்ணாடியும் அதன் கனமும் விரலில் வந்து நின்றன, எல்லாம் இப்போது, எல்லாம் ஒன்றாக, இத்தனை நேரம் எங்கே போயிருந்தன என்று தெரியவில்லை.

"இதுல நாப்பத்தெட்டு டிகிரி பன்னெண்டு மினிட் காட்டுது" என்றாள் மேடம். "இந்த டெலஸ்கோப்பை யாரு வச்சது?"

"நான்தான் மேடம்."

"வேற யாரும் தொடலியே?"

"இல்ல மேடம்."

"இது உங்க லேப் பிரிசம் இல்லம்மா. வேற கண்ணாடி, கனமான கண்ணாடி, ஒளியை அதிகமா வளைக்கும். எங்க காலேஜ்ல இருந்து கொண்டாந்து காலையில நானே மாத்தி வச்சேன். எந்த வருஷம் வந்தாலும் இந்த லேப்ல எல்லாரும் ஒரே ரீடிங் எழுதுறாங்க, ஒருத்தராவது பார்த்து எழுதுறாங்களான்னு தெரிஞ்சிக்கத்தான் வச்சேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ பார்த்திருக்கே. இவ்வளவு சுத்தமா நிறுத்தியிருக்கே, எங்க பிள்ளைங்ககூட இப்படி நிறுத்த மாட்டாங்க. நாப்பத்தெட்டைக் கண்ணால பார்த்துட்டு முப்பத்தெட்டுன்னு ஏம்மா எழுதினே?"

வடிவு திரவியம் சாரைப் பார்த்தாள். "சார்கிட்டக் கேட்டேன் மேடம். நாப்பத்தெட்டு வருதுன்னு சொன்னேன்."

"வெர்னியரை ஒழுங்காப் படின்னுதானேம்மா சொன்னேன்?" என்றார் திரவியம் சார். அதில் பொய்யில்லை, அந்த வார்த்தைகளை அவர் சொன்னதுதான். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, காலையிலிருந்து வீட்டுக்கும் காலேஜுக்கும் பதில் சொல்லிக் களைத்த மனிதரின் குரலில் சொன்னார்: "எத்தனையோ தடவை சொல்லிட்டேன் மேடம், பார்த்ததை எழுதுங்க, பார்த்ததை எழுதுங்கன்னு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க கேக்குது. எல்லாம் சமையல்."

ஜெபமலர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவளுக்கும் பாஸ் ஆக வேண்டும். வாட்ச் தாவித் தாவி ஓடிய கதையைச் சொல்லலாம், பூமிக்குப் பிரியமில்லாத கதையைச் சொல்லலாம், வடிவின் தொண்டைவரை வந்தது, வந்து தயங்கியது, வந்த வழியே திரும்பிப் போனது. மேடம் சிவப்புப் பேனாவால் அளவுகள் எழுதிய பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அந்த வெளிச்சத்தில் அது சிவப்பாகவும் தெரியவில்லை, வெறும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. "பார்க்காம எழுதியிருந்தாகூட எனக்கு இவ்வளவு வருத்தமா இருந்திருக்காதும்மா" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனாள். திரவியம் சார் திரையைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார். போகிற போக்கில், "விளக்கை அணைச்சிட்டு வாம்மா, சூடேறிக் கிடக்கு" என்றார்.

ஜெபமலர் கிசுகிசுத்தாள். "ஏட்டி, அழுதியா?"

"இல்ல."

அழவில்லைதான். அப்பா இன்றைக்கு இரண்டாவது ஷிஃப்ட், இந்நேரம் பங்கில்தான் இருப்பார், யாரோ ஒருவருக்கு ஜீரோவைக் காட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்பார், கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். என்ன சொல்வது என்று யோசித்தபடி விளக்கின் சுவிட்சில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். மேடம் டார்ச் அடித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயாகிவிட்டது, இனி அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, இருந்தாலும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நாற்பத்தெட்டுதான்.